பொறிவண்டுக்குப் பத்து நாள் அவகாசம் கொடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்: வீட்டுத் தோட்டம்

மாடித் தோட்டப் பூச்சிகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, எதிர்பாராத வகையில், கொடைக்கானலிலிருந்தும் அதற்குக் கீழுள்ள மலையூர்களிலிருந்தும் வந்திருக்கின்றன. மதுரை வெயிலில் செடி வளர்த்துப் பழகியவர்கள், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் ஊரில் தோட்டம் போடும்போது நேரும் குழப்பங்கள் எனக்கு நன்றாகத் தெரிந்தவை. மதுரையில் பிறந்து வளர்ந்த நான் ஒன்பது ஆண்டுகள் கொடைக்கானலில் வேலை பார்த்தபோது அதே குழப்பங்களைப் பட்டிருக்கிறேன். ஆகவே இந்த இதழை மலைத் தோட்டத்துக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: திருமணமாகி மதுரை அனுப்பானடியிலிருந்து இங்கே வந்து எட்டு மாதம் ஆகிறது. வீட்டின் பின்புறம் பட்டாணியும் முட்டைக்கோஸும் போட்டிருக்கிறேன். பட்டாணிக் கொடியின் நுனியெல்லாம் சாற்றை உறிஞ்சும் பச்சை அசுவினிப் பூச்சி அடையாக அப்பியிருக்கிறது. அதன் நடுவே, முதலைக் குட்டியைப் போல நீண்ட உடலும் ஆறு கால்களும் உள்ள கருஞ்சாம்பல் நிறப் புழுக்கள் ஊர்கின்றன. முதுகில் ஆரஞ்சுப் புள்ளிகள் உள்ளன. பயந்துபோய் அவற்றை நசுக்கிவிட்டேன். இரண்டுக்கும் சேர்த்து எந்த மருந்து அடிக்கலாம்?
– வாசகி, நாயுடுபுரம், கொடைக்கானல்

பதில்: சகோதரி, மருந்து எதையும் இப்போது அடிக்காதீர்கள். நீங்கள் நசுக்கியது பொறிவண்டின் புழு. சிவப்பு ஓட்டின்மேல் ஏழு கரும்புள்ளிகளோடு உருண்டையாக இருக்கும் பொறிவண்டை எல்லோரும் அறிவோம், குழந்தைகள் கையில் ஏற்றி விளையாடவும் செய்வார்கள். அதன் புழு தாயைப் போலத் துளியும் இருக்காது என்பதால், விவரம் தெரியாமல் அதைக் கொன்றுவிடுகிறவர்கள் மிகப் பலர். நீங்கள் வருந்த வேண்டியதில்லை, ஏனென்றால் புழு இருந்த இடத்தில் இன்னும் சில கட்டாயம் இருக்கும்.

நாளைக் காலை வெயில் ஏறியதும் ஒரு கொடி நுனியின் அருகில் கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். அந்தப் புழு அசுவினி ஒன்றைத் தாடையால் கவ்வி, இலையிலிருந்து அப்படியே தூக்கிப் பிடித்து, உள்ளிருக்கும் சாற்றை உறிஞ்சிவிட்டு, வெளுத்துப்போன வெறும் தோலைக் கீழே போடும். உடனே அடுத்ததைத் தேடும். கூட்டுப்புழுவாக மாறுவதற்குள் இப்படிச் சில நூறு அசுவினிகளை அது தின்றுவிடும். இலையின் அடியில் மஞ்சள் நிற முட்டைகள் நெல்மணிகளை நட்டுவைத்ததைப் போலக் கொத்தாக நின்றால், அவையும் அதனுடையவையே. அசுவினிக் கூட்டத்தின் நடுவே சில மட்டும் பழுப்புப் பொன்னிறமாக உப்பி, அசையாமல் ஒட்டிக்கொண்டிருப்பதையும் கவனியுங்கள். அவை உயிருள்ளவை அல்ல. எறும்பைவிடச் சிறிய குளவி ஒன்று அவற்றுக்குள் முட்டையிட்டு, உள்ளே வளர்ந்த அதன் குஞ்சு முதுகில் வட்டமாகத் துளை போட்டு வெளியேறியிருக்கும். அந்தத் துளையை நீங்கள் பார்த்துவிட்டால், உங்கள் தோட்டத்தில் வேலை தொடங்கிவிட்டது என்று நிம்மதியாக இருக்கலாம்.

மலையில் இதற்குப் பொறுமை கூடுதலாக வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. குளிர் தாங்குவதில் அசுவினியும் பொறிவண்டும் சமமானவை அல்ல. ஏறத்தாழ ஐந்து டிகிரி வெப்பத்திலேயே அசுவினி வளரத் தொடங்கிவிடும். ஆண் துணையில்லாமலே பெண் பூச்சிகள் குட்டி போட்டுப் பெருகவும் செய்யும். பொறிவண்டுக்கோ பத்து டிகிரிக்கு மேல் போனால்தான் வளர்ச்சி. அதனால் பனிக்காலம் முடியும் வேளையில் அசுவினி முந்திக்கொள்கிறது, பொறிவண்டு பின்னால் வந்து சேர்கிறது. மதுரையில் சில நாளில் நடந்து முடிவது கொடைக்கானலில் இரண்டு வாரம் இழுக்கும். இந்த இடைவெளியில்தான் பலரும் பொறுமை இழந்து மருந்தை எடுக்கிறார்கள். மருந்து அசுவினியையும் கொல்லும், அப்போதுதான் வந்து சேர்ந்த பொறிவண்டையும் கொல்லும். பிறகு மீண்டும் முதலில் பெருகுவது அசுவினி, அதைத் தடுக்க அங்கே யாரும் மிஞ்சியிருப்பதில்லை. என் முதல் ஆண்டில் நானே இந்தத் தவற்றைச் செய்தேன். மூன்று முறை மருந்தடித்தும் அந்த ஆண்டுப் பட்டாணி ஒரு பிடிகூட வீட்டுக்குள் வரவில்லை.

ஆகவே பத்து நாள் கொடுங்கள். அதுவரை தாங்க முடியாத அளவுக்கு அசுவினி அப்பியிருக்கும் நுனிகளை மட்டும் கிள்ளி அப்புறப்படுத்தலாம், அல்லது காலையில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்துக் கீழே தள்ளலாம். கொடியில் எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். அசுவினி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைக் காவல் காத்துப் பொறிவண்டை விரட்டும் என்பதால், எறும்புச் சாரியைத் தடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். பத்து நாளுக்குப் பிறகும் உதவி வராவிட்டால், ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சிறிது காதி சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில், பாதித்த இடத்தில் மட்டும் தெளியுங்கள். மலைக் குளிரில் வேப்பெண்ணெய் நெய்போல உறைந்துவிடும். பாட்டிலை வெந்நீரில் சற்று நேரம் வைத்து இளக்கிய பிறகே கலக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. உருளைக்கிழங்குச் செடியிலும் கத்தரியிலும் பொறிவண்டைப் போலவே இருக்கும் இன்னொரு வண்டு வரும். அதன் ஓடு பளபளக்காமல் மங்கலாக இருக்கும், புள்ளிகள் இருபத்தெட்டு வரை இருக்கும், புழு மஞ்சளாக உடல் முழுவதும் முள்ளோடு இருக்கும். இலையின் பச்சையைச் சுரண்டி வலைபோல ஆக்கிவிடும் எபிலாக்னா வண்டு அது. அதைக் கையால் பொறுக்கி அழிப்பதில் தவறில்லை.

கேள்வி: உதவும் பூச்சிகள் வர என்ன பூச்செடி வைக்கலாம்? எங்கள் வீட்டில் டாலியாவும் ஹைட்ராஞ்சியாவும் நிறைய உண்டு, ஆனால் தேனீ அவற்றைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.
– வாசகர், செண்பகனூர்

பதில்: கண்ணுக்கு அழகான அடுக்கு டாலியாவில் மகரந்தம் இருக்க வேண்டிய இடமெல்லாம் இதழாகிவிடுகிறது. உருண்டைக் கொத்தாகப் பூக்கும் ஹைட்ராஞ்சியாவில் பெரும்பாலான பூக்கள் மலட்டுப் பூக்கள். பூச்சியின் பார்வையில் இரண்டும் வெறும் இலை போலத்தான். அவற்றைப் பிடுங்க வேண்டாம், அருகில் ஒற்றை அடுக்குப் பூக்களையும் சேருங்கள். அதைவிட எளியது, அறுவடை செய்யாமல் விட்ட நாலு கொத்தமல்லிச் செடி. கொத்தமல்லி, சதகுப்பை, பெருஞ்சீரகம், விதைக்கு விட்ட கேரட் ஆகியவற்றின் குடை போன்ற சிறு பூக்களில் தேன் மேலாகவே இருப்பதால், நீண்ட நாக்கு இல்லாத சிறு குளவிகளும் சிர்பிட் ஈக்களும் அங்கேதான் பசியாறும். தேனீயைப் போலக் கோடு போட்ட உடலோடு ஒரே இடத்தில் அந்தரத்தில் நிற்கும் அந்த ஈ கொட்டாது. அதன் புழுவும் அசுவினியைத் தின்னும். பொறிவண்டு இன்னும் சோம்பிக் கிடக்கும் குளிர்ந்த காலையிலேயே அது பறக்கத் தொடங்கிவிடும் என்பதால், மலைத் தோட்டத்துக்கு நான் முதலில் சிபாரிசு செய்வது அதைத்தான்.

கேள்வி: லெட்டூஸ் நாற்றும் ஸ்ட்ராபெர்ரியும் ஒரே இரவில் அரிக்கப்படுகின்றன. காலையில் பளபளவென்று கோடு மட்டும் தெரிகிறது. கடையில் நத்தைக்கென்று நீல நிறக் குருணை மருந்து கொடுத்தார்கள். வீட்டில் இரண்டு நாய்கள் இருப்பதால் போடத் தயக்கமாக இருக்கிறது. தவளை வந்தால் நத்தை குறையும் என்கிறார்களே, குளம் வெட்ட இடமில்லாத எங்கள் தோட்டத்துக்குத் தவளை வருமா?
– வாசகர், அட்டுவம்பட்டி

பதில்: உங்கள் தயக்கம் சரியானது, ஐயா. அத்தகைய குருணைகளில் பெரும்பாலும் மெட்டால்டிஹைட் என்ற நஞ்சு இருக்கும். அதன் வாசனைக்கு நாய்கள் ஈர்க்கப்படும், தின்றால் வலிப்பு வந்து இறக்கவும் நேரும். அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பளபளக்கும் கோடு ஓடில்லாத நத்தையின் தடம். இரவின் ஈரத்தில் அது நடமாடும், பகலில் கல்லுக்கடியிலோ தொட்டிக்கடியிலோ ஒளிந்திருக்கும். மாலையில் ஒரு சாக்கை நனைத்துப் பாத்தியின் ஓரத்தில் விரித்து, அதன் கீழே முட்டைக்கோஸின் வெளி இலைகளைப் போட்டுவையுங்கள். விடிந்ததும் சாக்கைப் புரட்டினால் அத்தனையும் அங்கே கூடியிருக்கும். பொறுக்கி உப்பு நீரில் போட்டுவிடலாம். ஒரு வாரம் விடாமல் செய்தால் பெரும் மாற்றம் தெரியும். சாம்பல் தூவுவது காய்ந்திருக்கும்வரைதான் பயன்படும், மலை மூடுபனியில் அது விடியும் முன்பே நனைந்துவிடும்.

தவளைக்கு வருகிறேன். எனக்கு மிகப் பிடித்த விஷயம் இது. பழனி மலையில் வாழும் புதர்த் தவளைகளுக்குக் குளமே தேவையில்லை. ராவோர்கெஸ்டெஸ் என்ற அந்தப் பேரினத்துத் தவளைகளின் முட்டைக்குள்ளேயே தலைப்பிரட்டைப் பருவம் முடிந்து, முழுத் தவளைக் குஞ்சாகவே வெளியே வரும். கொடைக்கானலில் வாழும் அத்தகைய இனம் ஒன்றுக்கு அறிவியலாளர்கள் பெயர் சூட்டியதே 2006ஆம் ஆண்டில்தான். மாலை மழைக்குப் பிறகு வேலிப் புதரிலிருந்து சின்னக் கல்லைத் தட்டுவதைப் போல விட்டுவிட்டு ஓர் ஓசை வருமே, அதைப் பலர் பூச்சி என்று நினைத்துக்கொள்கிறார்கள். டார்ச் அடித்துத் தேடினால், கட்டைவிரல் நுனியளவே உள்ள தவளை தொண்டையைக் குமிழாக உப்பவைத்துக்கொண்டு இலைமேல் உட்கார்ந்திருக்கும். அவ்வளவு சிறியது பெரிய நத்தையை விழுங்காது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கொசுவையும் சிறு பூச்சிகளையும் இரவு முழுவதும் பிடிக்கும். நத்தையைத் தின்பவை தரையில் ஓடும் கருவண்டுகளும், மின்மினியின் புழுக்களும், சீழ்க்கையடிக்கும் கருநீலப் பூங்குருவியும்.

இவை எல்லாவற்றுக்கும் தேவைப்படுவது ஒன்றே: தோட்டத்தின் ஒரு மூலையில், நாற்றுப் பாத்தியிலிருந்து பத்தடி தள்ளி, கூட்டாமல் விட்ட சருகும் இரண்டு மூன்று மக்கிய மரக்கட்டையும். மார்கழியில் தோட்டத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று சருகையும் காய்ந்த தண்டையும் குவித்து எரிக்கும் வழக்கம் மலையூர்களில் இருக்கிறது. உறைபனிக்கு அஞ்சி அந்தச் சருகுக்குள் ஒடுங்கியிருக்கும் பொறிவண்டும், காய்ந்த தண்டின் துளைக்குள் குடியிருக்கும் சிறு காட்டுத்தேனீயும் அதோடு சேர்ந்து எரிந்துபோகின்றன. எனக்கு இதைப் பார்க்கவே மனம் பொறுக்காது. எரித்தே ஆக வேண்டும் என்றால் மாசி கடக்கட்டும், அதற்குள் அவை எழுந்து போயிருக்கும்.

கேள்வி: எங்கள் சௌசௌ பந்தலில் பூ நிறைய வருகிறது, பிஞ்சு மஞ்சளாகி உதிர்கிறது. பீன்ஸும் சரியாகக் காய்க்கவில்லை. தேனீப் பெட்டி வைத்தால் இரண்டும் சரியாகுமா?
– வாசகி, பண்ணைக்காடு

பதில்: அம்மா, சௌசௌவுக்குச் சரியாகும், பீன்ஸுக்கு ஆகாது. பீன்ஸ் பூ விரியும் முன்பே தனக்குள் மகரந்தம் சேர்த்துக்கொள்ளும் இனம். அது காய்க்காததற்கு மண்ணையோ தண்ணீரையோ மிகுதியான தழைச்சத்தையோதான் ஆராய வேண்டும். சௌசௌ அப்படியில்லை. ஒரே கொடியில் ஆண் பூ கொத்தாகவும் பெண் பூ தனியாகவும் வரும், இடையே பூச்சி போய்வர வேண்டும். தொடர்ந்து மூடுபனியும் தூறலுமாக இருக்கும் நாட்களில் தேனீ கூட்டைவிட்டுக் கிளம்பாது. அத்தகைய வாரத்தில் வெயில் தலைகாட்டும் முற்பகலில், ஆண் பூ ஒன்றைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தொட்டுவிடுங்கள். பத்துப் பூவுக்குச் செய்து பார்த்தாலே விடை தெரிந்துவிடும்.

பெட்டி வைப்பதானால் நம் ஊர் அடுக்குத் தேனீதான் மலைக்கு ஏற்றது. இத்தாலியத் தேனீயைவிடக் குளிர்ந்த பொழுதிலும் அது வெளியே போய்வரும். பெட்டியின் வாசல் கிழக்கு நோக்கி இருந்தால் காலை வெயில் பட்டுச் சீக்கிரம் கிளம்பும். தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1991–92இல் தாய் சாக் புரூட் என்னும் வைரஸ் நோய் பரவித் தென்னிந்தியாவில் அடுக்குத் தேனீக் குடும்பங்கள் பெருமளவில் அழிந்தன. புழு இறந்து, தண்ணீர் நிறைந்த சிறு பை போலத் தொங்குவது அதன் அடையாளம். ஆகவே முன்பின் தெரியாத இடத்திலிருந்து பெட்டி வாங்காதீர்கள். அடையை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லிப் பார்த்து வாங்குங்கள். பக்கத்துக் காப்பித் தோட்டத்தாரோடும் பேசிவையுங்கள். காப்பி பூக்கும் வாரத்தில் அங்கே மருந்தடித்தால் உங்கள் பெட்டி காலியாகிவிடும். அடித்தே தீர வேண்டுமென்றால் தேனீ கூடு திரும்பிய பிறகு, மாலையில் அடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கொடைக்கானல் போயிருந்தபோது பொறிவண்டு ஏராளமாக இருந்தது. ஒரு டப்பாவில் கொண்டுவந்து மதுரையில் எங்கள் பப்பாளி, செம்பருத்தியில் உள்ள மாவுப்பூச்சிக்கு விடலாமா?
– வாசகர், திருநகர், மதுரை

பதில்: வேண்டாம், தம்பி. அந்த வண்டு மலைக் குளிருக்குப் பழகியது, நம் ஊர்ப் பங்குனி வெயிலில் அது நிற்காது. ஒவ்வொரு தட்பவெப்பத்துக்கும் தனி உதவியாளர்கள் உண்டு. முட்டைக்கோஸைத் துளைக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் புழுவை அடக்க நீலகிரியின் உயரத்தில் டயடெக்மா என்ற குளவி நன்றாக வேலை செய்கிறது, சமவெளி வெப்பத்திலோ அந்த வேலையைச் செய்வது கொட்டீசியா என்ற வேறு குளவி.

பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோவையில் முதலில் தென்பட்டு, தமிழகம் முழுவதும் பப்பாளி, மரவள்ளி, மல்பெரித் தோட்டங்களை வெள்ளையாக மூடியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எந்த மருந்துக்கும் கட்டுப்படாத அதை அடக்கியது, 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து, முறையாகத் தனிமைப்படுத்திச் சோதித்த பிறகு வெளியே விட்ட அசெரோபேகஸ் என்ற குளவி. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நீளமே உள்ள பூச்சி அது. உயிர்களை இடம் மாற்றுவது அவ்வளவு கவனத்தோடு செய்ய வேண்டிய வேலை. உங்கள் செம்பருத்திக்கு, மதுரையிலேயே இருக்கும் வண்டுகளும் குளவிகளும் போதும். எறும்பைத் தடுத்து, மருந்தை நிறுத்தினால் தாமாக வரும். கூடுதல் உதவி வேண்டுமென்றால் ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியில் மாவு படிந்த ஒரு கிளையைக் காட்டிக் கேளுங்கள்.

கேள்வி: இரவில் காட்டுமாடு வந்து கேரட் பாத்தியை மிதித்துவிடுகிறது. வேலிக்கம்பியில் வீட்டு மின்சாரத்தைக் கொடுக்கலாம் என்று ஒருவர் சொல்கிறார்.
– வாசகர், வில்பட்டி

பதில்: அந்த யோசனையை இன்றே மறந்துவிடுங்கள். வீட்டு மின்சாரம் பாய்ந்த கம்பி காட்டுமாட்டை மட்டுமல்ல, விடியலில் அந்த வழியே பால் கொண்டு போகிறவரையும் கொன்றுவிடும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுமாடு உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில் உள்ள விலங்கு. அது அடிக்கடி வந்தால் வனத்துறைக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். அதற்குப் பிடித்த கேரட்டையும் முட்டைக்கோஸையும் வீட்டுச் சுவரை ஒட்டி மாற்றி நட்டு, வெளி ஓரத்தில் பூண்டு போட்டுப் பாருங்கள். எதிரே வந்து நின்றால் விரட்டவோ படம் எடுக்கவோ முயலாமல் வீட்டுக்குள் போய்விடுங்கள்.

கேள்வி: பிளம்ஸ் பழுக்கும்போது சின்னான் குருவிகள் கொத்திவிடுகின்றன. மரத்துக்கு வலை போட்டோம், ஒரு குருவி சிக்கி இறந்துவிட்டது. என் பேத்தி இரண்டு நாள் சாப்பிடவில்லை. வேறு வழி உண்டா?
– வாசகி, பெருமாள்மலை

பதில்: பேத்தியின் மனம் எனக்குப் புரிகிறது, அம்மா. தளர்ந்து தொங்கும் மெல்லிய நைலான் வலைதான் பறவையின் காலைச் சுற்றிக்கொள்ளும். அதை முதலில் கழற்றிவிடுங்கள். மரம் முழுவதையும் மூடுவதற்குப் பதிலாக, எட்டும் உயரத்தில் உள்ள பழக்கொத்துகளுக்கு மட்டும் பழைய வேட்டித் துணியில் பை தைத்துக் கட்டுங்கள். உச்சிக் கிளைகளைக் குருவிக்கு விட்டுவிடுங்கள். சிவப்பு மீசைச் சின்னான் பழத்தைக் கொத்துவது உண்மைதான், ஆனால் குஞ்சு பொரித்த நாட்களில் அதே பறவை உங்கள் மரத்துப் புழுக்களைத்தான் பொறுக்கிக்கொண்டு போய் ஊட்டுகிறது.

பேத்திக்கு ஒரு வேலை கொடுக்கலாம். கறுப்புத் தலையும் வெள்ளைக் கன்னமும் உள்ள பட்டாணிக்குருவி மலையில் எங்கும் உண்டு. புழு தின்பதில் அதற்கு இணை குறைவு. மரப்பொந்தில் கூடு கட்டும் அந்தக் குருவிக்கு, பழைய மரங்கள் வெட்டப்பட்ட இடங்களில் வீடு கிடைப்பதில்லை. வண்ணம் பூசாத பலகையில், அடி ஒரு சாண் அகலத்துக்குச் சற்றுக் குறைவாகவும் உயரம் ஒன்றேகால் சாணாகவும் ஒரு பெட்டி செய்யுங்கள். வாசல் துளை மூன்று சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, போனால் மைனா நுழைந்துவிடும். துளைக்குக் கீழே குச்சி எதுவும் பொருத்த வேண்டாம், அது பூனைக்கும் காகத்துக்கும் பிடிமானம் ஆகிவிடும். தண்ணீர் வடிய அடியில் இரண்டு சிறு ஓட்டை போட்டு, மழைச்சாரல் அடிக்காத பக்கம் வாசல் பார்க்க, இரண்டு ஆள் உயரத்தில் தை மாதத்துக்குள் கட்டிவிடுங்கள். முதல் ஆண்டு குருவி வராமல் போகலாம். பெட்டியைக் கழற்றாமல் அப்படியே விட்டுவையுங்கள், குருவி பாசியை வாயில் கவ்விக்கொண்டு உள்ளே போகும் நாளில் பேத்தியை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.